சிவப்புப் பெட்டிக்குக் கடைசிப் பூச்சு

பத்து பாகாட்
ஞாயிற்றுக்கிழமை காலை

குணாளனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் லோஷினியும் பெர்த்தில் சுகமாக இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. எழுதக் கை வரவில்லை. உன் அப்பா சுகமாக இல்லை. நான் இருக்கிறேன், உடம்பெல்லாம் கோபமாக, ஆனால் சுகமாக இருக்கிறேன். இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். போனில் உன்னைத் திட்ட முடியவில்லை, அதுதான் காரணம். நான் குரலை உயர்த்தியதும் உன் அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறார். "விடு செல்லம், பிள்ள வேலை டென்ஷன்ல இருப்பான்" என்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். இப்போது அவர் மூச்சு மருந்தை வாயால் இழுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடி தூங்குகிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் இரவும் பகலும் நாற்காலிதான். அவர் கண் விழிப்பதற்குள் இதை எழுதி உன் அக்கா மலரிடம் கொடுத்துவிட வேண்டும், அவள் தபாலில் சேர்ப்பாள். உன் பெட்டி என்ன ஆனது என்று உன் கண் தேடும், எனக்குத் தெரியும். அதைக் கடைசியில்தான் சொல்வேன். தாண்டிப் போகாமல் வரிசையாகப் படி.

காளியப்பனின் லோரி வாசலில் வந்து நின்ற அன்று நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா, குணா மூவார்ல வாங்கின சாமான், எங்க எறக்குறது?" என்று கேட்டான். நீ எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவுமில்லை. மூவாரில் எப்போதோ மூடிப்போன படக்கொட்டகையில் நின்றுகொண்டிருந்த பானப் பெட்டி, காசைப் போட்டால் கண்ணாடிப் போத்தலை இழுத்துக்கொள்ளலாமே, அந்த மாதிரி. என்னைவிட உயரம். நான்கு ஆள் சேர்ந்து இறக்கினார்கள். வெளியே துரு, உள்ளே கரப்பான் முட்டையும் எலிப் புழுக்கையும், திறந்ததும் செத்த வாடை. அதை வாசல் கூரைக்கடியில் நிறுத்தினார்கள், அங்கே நிறுத்திவைக்கும் உன் அப்பாவின் காடி தெருவில் நிற்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அதன் மேல் மைனா எச்சம்தான். நான் அன்றைக்கே பழைய இரும்புக்காரனைக் கூப்பிடப் போனேன். அதற்குள் நீ போனில் வந்துவிட்டாய். பெட்டியை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப வேண்டும், அழுக்கு, பூச்சி, துரு எதுவும் இருந்தால் அங்கே துறைமுகத்தில் தடுத்துவிடுவார்கள், சுத்தமாகக் கழுவி, தேய்த்து, மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் அடிக்க வேண்டும் என்றாய். கடையில் கொடுக்கலாமே என்று நான் பக்கத்திலிருந்து கத்தினேன். நீ என்னிடம் பேசவே இல்லை. "கடையில குடுத்தா கெடுத்துடுவாங்கப்பா. உங்க கை மாதிரி வராது. ஸ்ப்ரே டின் போதும், நீங்களே செஞ்சிருங்க" என்று அவரிடம் சொன்னாய். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் மனிதர் உருகிப் போனார்.

இப்போது நான் கேட்கிறேன், உனக்குத் தெரியாதா? உன் அப்பாவின் நெஞ்சு எதனால் கெட்டது என்று உனக்குத் தெரியாதா? மூவார் மேசை நாற்காலி ஃபேக்டரியில் அவர் செய்த வேலையே அதுதானே, காலையிலிருந்து மாலை வரை முகமூடி இல்லாமல் வார்னிஷ் தெளிப்பது. அந்த வேலையை அவர் விட்டது வயதாகி அல்ல, டாக்டர் விடச் சொன்னதால். "இனிமே அந்த வாசனை பக்கமே போகக் கூடாது" என்று டாக்டர் சொன்னபோது அதே அறையில் பள்ளிக்கூடச் சட்டையோடு நீயும் உட்கார்ந்திருந்தாய். வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போதெல்லாம் அவரை மலர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் நாம் அடிப்போம். கொசு மருந்து வண்டி நம் தாமான் தெருக்களுக்குள் வந்தாலே ஜன்னலை மூட ஓடுகிறவள் நான். இதெல்லாம் தெரிந்த பிள்ளை நீ. பழைய சாமான் சேர்க்கிற உன் கூட்டாளிகளின் பேஸ்புக் குழுவில் காட்டி மெச்சிக்கொள்ள ஒரு பெட்டி வேண்டும், அதற்கு அந்த மனிதரின் கை வேண்டும். நெஞ்சு எங்கே போகும் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா?

நான் வேண்டாம் என்று எவ்வளவோ சண்டை போட்டேன், சமைக்காமல்கூட இருந்து பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இதை நீ கேட்டே ஆக வேண்டும். அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் நீ எப்போது கூப்பிடுவாய்? தீபாவளிக்குக் கூப்பிடுவாய். அவர் பிறந்த நாளுக்கு லோஷினி ஞாபகப்படுத்தினால் கூப்பிடுவாய். பெட்டி வந்த பிறகு தினமும் கூப்பிட்டாய். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு உன் அழைப்பு வரும் என்று அவருக்குப் பழகிவிட்டது. அதற்கு முன்னாலேயே குளித்து, சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பெட்டியைக் காட்டுவதற்கு எதற்குத் தலை வார வேண்டும்? நீ ஒரு நாளாவது அவர் முகத்தைக் காட்டச் சொன்னாயா? ஒரு நாள் மலரின் பெரியவள் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதைச் சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தார். "அப்பா, கேமராவ கொஞ்சம் கீழ காட்டுங்க, அந்த மூலையில துரு இன்னும் இருக்குற மாதிரி தெரியுது" என்றாய். அவர் பேச்சை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்து மூலையைக் காட்டினார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கரண்டி இருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

வேலையைக் குறை சொல்ல முடியாது, உன் அப்பா உனக்காக உயிரைக் கொடுத்துச் செய்தார். பாத்திரம் தேய்க்கும் சவர்க்காரம் போட்டு உள்ளும் புறமும் கழுவினார். உப்புத்தாள் வைத்துத் துருவைத் தேய்த்தார், பள்ளமான இடத்தில் மாவு பூசிக் காயவைத்து மறுபடி தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பார், உட்கார்ந்து மூச்சு வாங்குவார், மருந்தை வாயில் வைத்து இழுப்பார், மறுபடி தேய்ப்பார். பளபளவென்ற கைப்பிடிக்கும் காசு போடும் இடத்துக்கும் டேப் ஒட்டிப் பழைய பேப்பர் சுற்றினார். சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு தெளித்தார். அதற்கு மேல் சிவப்பு. அன்று முதல் நான் அவர் வாயில் முகமூடி கட்டிவிட்டுத்தான் வாசலில் விடுவேன், நான் உள்ளே போனதும் கழற்றிவிடுவார், மூச்சு விட முடியவில்லை என்பார். ஸ்ப்ரே டின்னை அழுத்தி அழுத்தி அவர் ஆள்காட்டி விரல் வீங்கிவிட்டது, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். அந்தக் கஷ்டத்தில் ஒரு பக்கம் சாயம் கொஞ்சம் கூடிப்போய்க் கண்ணீர் மாதிரி வழிந்து காய்ந்துவிட்டது. அதற்கு நீ அனுப்பினாயே ஒரு குரல் செய்தி, அதை நான் மறக்கமாட்டேன். "என்னப்பா இது, சின்னப் பிள்ளை அடிச்ச மாதிரி இருக்கு! குரூப்ல போட்டா சிரிப்பாங்க. கப்பல் தேதி வேற நெருங்குது. அந்தப் பக்கம் முழுக்கத் தேய்ச்சுட்டு மறுபடி அடிங்கலா." அதை அவர் காதோடு வைத்து மறுபடி மறுபடி கேட்டார். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அதே வாரம் மலர் உன் பேஸ்புக்கைத் திறந்து எனக்குப் படித்துக் காட்டினாள். சின்ன வயதில் மூவார் படக்கொட்டகையில் என் அப்பா இந்த மாதிரிப் பெட்டியிலிருந்து எனக்கு ஆரஞ்சு எடுத்துக் கொடுப்பார், இன்று அவர் கையாலேயே இது மறுபிறவி எடுக்கிறது என்று அழகாக எழுதியிருந்தாய். எத்தனை பேர் இதயம் போட்டிருந்தார்கள்! அந்த அப்பாவை உனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது குணா. ஆரஞ்சு எடுத்துக் கொடுக்கிற அப்பா. இங்கே மூச்சு இரைக்கிறாரே, அவரும் அதே ஆள்தான். பெர்த்திலிருந்து விமானம் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். கல்யாணம் முடிந்து போனவன், வரவே இல்லை.

பிறகு மழை பிடித்தது. ஜோகூரின் ஆண்டிறுதி மழை உனக்குத் தெரியாததா, விடாமல் கொட்டியது. ஈரக் காற்றில் தெளித்த சாயம் பால் படிந்த மாதிரி வெளுத்துப்போனது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று பார்த்தார், ஆகவில்லை. நீ அங்கிருந்து கப்பல் தேதி, கப்பல் தேதி என்று அனுப்பிக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு மலரின் சின்னவளுக்குக் காய்ச்சல் என்று நான் செனாய்க்குப் போயிருந்தேன். மழையில் ஒன்றும் செய்ய மாட்டார் என்ற தைரியத்தில்தான் போனேன். நான் போனதும் உன் அப்பா எதிர்வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். அவர்களை அனுப்பிவிட்டு, ஈரக் காற்று வரக் கூடாது என்று கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு தெளிக்க ஆரம்பித்திருக்கிறார். காற்றாடியைக்கூடப் போடவில்லை, தூசி ஒட்டும் என்று.

மாலையில் மலரின் வீட்டுக்காரர் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் சாவி போட்டுக் கதவைத் திறந்தேன். கூடத்தில் சிவப்புப் பனி மாதிரி நின்றது. தரை, சுவர், சாமி படக் கண்ணாடி, நாற்காலி எல்லாம் சிவப்பு. பெட்டிக்கும் சோபாவுக்கும் நடுவில் உன் அப்பா விழுந்து கிடந்தார். நரைத்த தலையெல்லாம் சிவப்பு, வெள்ளை பனியனில் சிவப்பு, வாயைச் சுற்றிச் சிவப்பு. நான் ரத்தம் என்று நினைத்தேன் குணா. யாரோ புகுந்து அவரை வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டு மலாய் அக்கா, நம் காக் ரொஹானி, தொழுகை உடுப்போடு ஓடி வந்தாள். "அலமாக், செல்லம், கதவெல்லாம் தொற, தொற! காடி எடுக்குறேன்" என்று மலாயும் தமிழுமாகக் கத்திவிட்டு, அவளே ஒரு பக்கம் தாங்கி அவரை வெளியே இழுத்தாள். அவர் உதடு நீலமாகியிருந்தது. விசில் மாதிரி ஒரு சத்தம் நெஞ்சிலிருந்து வந்தது, அது ஒன்றுதான் உயிர் இருக்கிறது என்று காட்டியது. ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் காக் ரொஹானி ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தாள். அவள் காடியின் பின் இருக்கையில் சிவப்புக் கறை இன்றும் போகவில்லை. அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ரத்த சம்பந்தம் இல்லாதவள். உனக்குப் புரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவருக்கு மூக்கிலும் வாயிலும் குழாய் வைத்தார்கள். மலர் வந்தாள். டாக்டர் பெண் சின்ன வயது, நம் ஆள்தான், பெயர் கேட்க மறந்துவிட்டேன். எங்களை வெளியே அழைத்து மெதுவாகச் சொன்னாள்: "ஆண்ட்டி, அங்கிளோட நுரையீரல் ஏற்கெனவே ரொம்ப மோசம். இப்ப போனது திரும்ப வராது. இன்னொரு தடவை இப்படி உள்ள போச்சுன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது." அதற்குப் பிறகுதான் மலர் உனக்குப் போன் போட்டாள். நீ அழுதாய், இல்லையென்று சொல்லமாட்டேன், நானும் கேட்டேன். ஆனால் அழுது முடித்ததும் என்ன சொன்னாய்? "வீட்டுக்குள்ள வச்சு ஏன் அடிச்சாரு? டின்லயே எழுதியிருக்குமே, வெளியில வச்சுதான் அடிக்கணும்னு." குணா, கப்பல் தேதி என்று எந்த டின்னில் எழுதியிருந்தது? மலர் அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று உன்னைத் திட்டித் தீர்த்தது எல்லாம் சரிதான், நான் அவளைத் தடுக்கவில்லை. நர்ஸ் வந்து சத்தம் போடாதீர்கள் என்று சொல்கிற வரை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். டிக்கெட் பார்க்கிறேன் என்றாய். லீவு கிடைக்கவில்லை என்றாய். அப்புறம் அவர் வார்டில் கண் விழித்து உட்கார ஆரம்பித்த அன்று உன்னிடமிருந்து செய்தி வந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி. கப்பல்காரர்களிடம் சொல்லித் தேதியைத் தள்ளி வைத்துவிட்டேன் என்று அடுத்த வரி. தள்ளி வைக்க முடியுமாம். முன்னாலேயே முடிந்திருக்குமாம்.

அவர்மேலும் எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. முகத்திலிருந்து குழாயை எடுத்ததும் அந்த மனிதர் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? "கிளியர் ஒரு கோட்டு பாக்கி இருக்கு." மேலே பளபளப்புக்காக அடிக்கிற கடைசிப் பூச்சைச் சொல்கிறார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் நாற்காலியில் உட்கார்ந்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மலரும் டின்னையெல்லாம் எடுத்துக் காக் ரொஹானி வீட்டில் ஒளித்துவைத்தோம். ஒரு நாள் மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போய் அலமாரிக்கு அடியில் டின் தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு வெடித்தது. செத்துப்போகத்தான் ஆசையா என்று கேட்டேன். இந்தத் தகரத்துக்காகவா என்று கேட்டேன். அவர் தரையில் அப்படியே உட்கார்ந்தார். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "தகரத்துக்கு இல்ல செல்லம். எத்தன வருஷத்துக்கு அப்புறம் எங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கான். முடியலன்னு எப்படிச் சொல்றது?"

நீ என்ன வேண்டுமானாலும் படித்திருக்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் உனக்குத் தெரிந்தால் அவருக்குச் சொல்.

அதனால் மிச்ச வேலையை நானே செய்தேன். ஆமாம், நான்தான். அவர் செய்யாமல் விடமாட்டார், செய்தால் பிழைக்கமாட்டார், வேறு வழி என்ன இருந்தது? வெயில் வந்த ஒரு காலையில் காளியப்பனும் அவன் ஆட்களும் வந்து பெட்டியை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொடுத்தார்கள். உன் அப்பாவைக் கூடத்தில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத் துணி திணித்தேன். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் மழைக்கோட்டு, மலர் பிள்ளையின் நீச்சல் கண்ணாடி, காக் ரொஹானி கொடுத்த கெட்டி முகமூடி, இவ்வளவும் மாட்டிக்கொண்டு நின்றேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வெளுத்துப்போன சிவப்பைத் தேய்த்து எடுத்தேன். தெளித்தேன். கோபத்தில் தெளித்தேனா, அழுத்திப்பிடித்து ஒரே இடத்தில் நின்றுவிட்டேன், வழிய ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடியை உள்ளிருந்து உன் அப்பா தட்டினார். கையை இப்படி வீசி வீசிக் காட்டினார், நிற்காதே, நடந்துகொண்டே தெளி என்று. நான் பிடித்த டின் சாய்ந்தால் தட்டுவார், கிட்டே போனால் தட்டுவார். அவர் வாயால் சொல்வது எதுவும் கேட்காது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதடு மட்டும் அசையும். எனக்கு அழுகை வந்தது, நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை, அதற்கும் தட்டினார். அன்று முழுதும் அப்படித்தான் போனது. மறுநாள் கீழே வெள்ளை. அதற்கு மறுநாள் அந்தப் பாழாய்ப்போன கிளியர் கோட்டு. டேப்பை உரித்தபோது கோடு கத்தியால் வெட்டின மாதிரி நேராக வந்தது. நன்றாக நாற்றம் போகக் காய்ந்த பிறகு அவரை வாசலுக்குக் கூட்டி வந்தேன். அந்தப் பக்கத்தை, நீ சின்னப் பிள்ளை அடித்த மாதிரி என்றாயே அந்தப் பக்கத்தை, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "குணாவுக்குப் பிடிக்கும்" என்றார். என் கை வேலை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது போகட்டும்.

உன் பெட்டி இப்போது எங்கே என்ற கேள்விக்கு வந்துவிட்டேன். அனுப்பிவிட்டேன். கொடுக்கமாட்டேன், வேண்டுமானால் நேரில் வந்து எடுத்துக்கொள் என்று சொல்லத்தான் நினைத்தேன். மலரும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அப்படி வந்தால் நீ பெட்டிக்காக வந்தவனாகத்தான் இருப்பாய், அதை உன் அப்பாவின் கண்முன் நடக்கவிட எனக்கு மனமில்லை. காளியப்பன் கம்பளி சுற்றிக் கட்டிப் பாசிர் கூடாங் துறைமுகத்தில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டான். கப்பலும் கிளம்பிவிட்டதாக உனக்கே செய்தி வந்திருக்கும். கீறல் கிடையாது. உனக்கு இந்த வீட்டில் இனி ஒரு சாமானும் இல்லை, நீ கேட்க வேண்டிய ஒன்றும் எங்களிடம் இல்லை.

லோரி போன அன்று சாயங்காலம் உன் அப்பா வழக்கம்போல் முகம் கழுவி, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு போனோடு உட்கார்ந்தார். நீ கூப்பிடவில்லை. அவன் களைத்திருப்பான் என்றார். மறுநாளும் உட்கார்ந்தார். நேற்றும் உட்கார்ந்தார். குளியலறை வரை நடக்க அவருக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மிச்ச தூரம். அப்படியிருந்தும் தலை வாராமல் உட்காருவதில்லை. பெட்டி போய்ச் சேர்ந்ததும் நிச்சயம் கூப்பிடுவான், பார்த்துவிட்டுக் கூப்பிடுவான் என்று என்னிடம் சொல்கிறார். நானும் ஆமாம் என்று சொல்கிறேன். இந்த வயதில் எனக்கு இந்தப் பொய் தேவையா?

மற்றபடி இங்கே சேதி என்ன, கூடத்துச் சுவருக்கு மலரின் வீட்டுக்காரர் வெள்ளையடித்துக் கொடுத்தார், அப்பாவை அதுவரை செனாயில் வைத்திருந்தோம். சாமி படத்தை நான் துடைத்துவிட்டேன், மூலையில் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது, இருக்கட்டும். காக் ரொஹானியின் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், அவள் காடி இருக்கையை நாங்கள் மாற்றிக் கொடுக்கிறோம் என்றாலும் வேண்டாம் என்கிறாள். லோஷினியிடம் சொல், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாமாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது, தூங்குகிறாரா, என்ன சாப்பிடுகிறார் என்று எனக்குத் தனியாக எழுதிக் கேட்கிறவள் அவள்தான். நீ குளிர் காலத்தில் நெஞ்சை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கும் அவர் நெஞ்சுதான், சின்ன வயதில் உனக்கும் இரைக்கும். ராத்திரி வேலை முடிந்து கண் சொருகிக்கொண்டு காடி ஓட்டாதே. இதையெல்லாம் எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், கை கேட்கவில்லை.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், முருகன் துணை இருக்கட்டும். பெற்றவள் வயிறு எரிந்து எழுதினாலும் வாழ்த்து வாழ்த்துதான், அதில் குறை வைக்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே. ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வை. கப்பல் போய்ச் சேர இன்னும் நாள் இருக்கிறதாம், காளியப்பன் சொன்னான். கூப்பிடுவதாக இருந்தால் அது வந்து சேருவதற்கு முன்னால் கூப்பிடு. வந்த பிறகு நீ கூப்பிட்டால், அது பெட்டிக்காகக் கூப்பிட்டதுதான்.

உன்னைப் பெற்றவள்
செல்லம் சபாபதி